அரை டம்ளர் தண்ணீர்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுகளின் பின்பாதியில் அய்யாவுக்கு இரண்டு சிறுநீரகமும் சுருங்கிவிட்டன என்று மதுரை டாக்டர் சொன்னார். வழி இரண்டு என்றார். மெட்ராஸில் ரத்தத்தைச் சுத்தம் செய்கிற மெஷின் வந்திருக்கிறது. வாரம் இரண்டு தடவை போக வேண்டும், அங்கேயே தங்கிவிட வேண்டும், இந்த வயதில் இடம் கிடைத்தால் உண்டு. இல்லையென்றால் ஊரிலேயே மாத்திரை, உப்பில்லாச் சாப்பாடு, நாளுக்கு ஒரு செம்புத் தண்ணீர். அது எத்தனை மாதம் தாங்கும் என்று சொல்ல முடியாது. "பெரியவரையே கேட்டுட்டு வந்து சொல்லுங்க" என்றார்.

அவரையாவது, கேட்பதாவது! மெட்ராஸில் மில் வேலையிலிருந்த அண்ணனும் நானும் மெஷின்தான் என்று முடிவு கட்டினோம். அய்யாவிடம், "ஒடம்புல நீரு கூடிருச்சு, மெட்ராஸ் போனாச் சரியாயிரும்" என்றதோடு சரி. நான் திருச்சுழிப் பள்ளிக்கூடத்து டீச்சர். வகுப்பு முழுவதையும் அதட்டி உட்காரவைப்பவளுக்கு அய்யா இன்னொரு பிள்ளை. அம்மா போன பிறகு எனக்கென்று வீட்டில் இருந்தது அவர் ஒருவர்தான். அவரை விட எனக்கு மனசில்லை.

மெஷினுக்கு இடம் கேட்டதற்கு மெட்ராஸிலிருந்து பதில் வரும்வரை தண்ணீர்ச் செம்பு என் கையில் இருந்தது. ஆனாலும் கால் வீக்கம் வடியவே இல்லை. காரணம் மெதுவாகத்தான் பிடிபட்டது. எங்கள் பக்கம் வாசல் ஏறி வருகிறவருக்கு முதலில் தண்ணீர் கொடுப்பார்கள். வேண்டாம் என்றால் பகை என்று பொருள். அய்யாவோ காலையில் தெருவில் இறங்கினால் ஆறேழு வீடு ஏறாமல் திரும்ப மாட்டார்.

வந்த கோபத்தில் குடையைக்கூட எடுக்காமல் வெயிலில் கிளம்பி, வீடு வீடாகச் சொல்லிவைத்தேன்: "எங்கய்யாவுக்கு யாராச்சும் தண்ணி குடுத்தீக, அவுக உசுருக்கு நீங்கதான் பொறுப்பு!"

மறுநாள் அய்யா சீக்கிரமே திரும்பிவிட்டார். கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தார்.

"ஏந்தாயி, நான் யாருக்கு என்ன கெடுதல் செஞ்சேன்? ஒரு வீட்லயும் உள்ள வாங்கன்னு சொல்லலையே."

தண்ணீர் கொடுக்காமல் எப்படி உட்காரச் சொல்வது என்று கூசி, அவர் வருவதைப் பார்த்ததும் கதவைச் சாத்தியிருக்கிறார்கள். என் படிப்பில் இடி விழ! அழுதுகொண்டே, டாக்டர் சொன்னதிலிருந்து எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். அவர் இரண்டே கேள்வி கேட்டார்.

"அந்த மிசினுக்குப் போனா வேணுங்கிற மட்டும் தண்ணி குடிக்கலாமா?"

"இல்லய்யா. அங்கயும் அளவுதான்."

"நம்மூருக்குத் திரும்பி வரலாமா?"

"வாரத்துக்கு ரெண்டு நாளு அங்க இருக்கணுமே. எப்படிய்யா வர?"

"அப்ப இங்கேயே இருக்கேன். அந்த ஒரு செம்பத் தெருவுக்குப் பிரிச்சு விட்ரு."

எனக்காகப் போங்கய்யா என்று கெஞ்சினேன். என் தலையைத் தடவிக்கொடுத்தார், அவ்வளவுதான். டாக்டருக்கும் அண்ணனுக்கும் நானே தகவல் சொன்னேன்.

மறுபடியும் வீடு வீடாகப் போய், கத்திய வாயாலேயே மன்னிப்புக் கேட்டுப் பங்கு வைத்தேன். வீட்டுக்கு அரை டம்ளர், அதற்கு மேல் ஒரு சொட்டு கிடையாது. கடைசி அரை டம்ளர் என்னுடையது. பொழுது சாயும்போது நான் கொடுப்பேன். அதற்காகவே பள்ளிக்கூடம் விட்டதும் ஓட்டமும் நடையுமாக வருவேன். வாசலில் அவர் கனைக்கும் சத்தம் கேட்டால்தான் எனக்கு மூச்சு வரும். இப்போதும் அந்த நேரத்தில் காது அதற்காக ஏங்குகிறது.

நாலைந்து மாதத்தில் அவரால் நடக்க முடியாமல் போயிற்று. அப்புறம் தெரு அவரிடம் வந்தது, ஆளுக்கு அரை டம்ளரோடு. ஒருநாள் பந்தல்குடியிலிருந்து அத்தை முறைக்காரி ஒருத்தியும் வந்துவிட்டாள். அவள் நீட்டியதையும் வாங்கிக் குடித்தார்.

பொழுது சாய, நான் என் டம்ளரோடு கட்டில் பக்கத்தில் நின்றேன்.

"இன்னைக்கு அளவு முடிஞ்சுபோச்சுல்ல, தாயி?"

தலையை ஆட்டினேன்.

"ஒம் பங்க நீயே குடி. நான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

குடித்தேன். அவர் தொண்டை ஏறி இறங்கியது.

மறுநாள் காலையில் அய்யா கண் திறக்கவில்லை.

அரை டம்ளர்தானே. கொடுத்திருக்கலாம்.