பேட்டரி இல்லாமல் எரிந்த ஆயில் லாம்ப்

1. ஜின் புகுந்த வண்டி

பேட்டரியைக் கழற்றித் தரையில் வைத்த பிறகும், இன்ஜின் ஆயில் குறைந்தால் டேஷ்போர்டில் எரியும் ஆயில் லாம்ப் சிவப்பாகவே இருந்தது. எங்கள் எலெக்ட்ரீஷியன் காசிம் பாய் இரண்டடி பின்னால் போனார்.

"கரண்டே இல்ல, எரிஞ்சிகினு கீது. ஜின்னு, பேயி எதுனா பூந்துகீதா பாரு நைனா" என்றார்.

ஐம்பதுகளின் தொடக்கம். ராயபுரத்தில் அந்த ஒர்க்‌ஷாப்பில் நான் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. "இந்த வண்டி சரியாச்சுன்னா நீ பெர்மனன்ட். இல்லாங்காட்டி வூட்டுக்குப் போய்க்கினே இரு" என்று கஜபதி மேஸ்திரி சொல்லிவிட்டார். அவர் வாய்ச்சொல்தான் ஆர்டர். பெர்மனன்ட் ஆனால்தான் பெண் தருவேன் என்று வியாசர்பாடியில் ஒரு மனிதர் பிடிவாதமாக இருந்தார். எனக்கோ அந்தப் பெண்ணை ரொம்பப் பிடித்திருந்தது.

வண்டி ஒரு கப்பல் கம்பெனி துரையுடைய ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே ஸீட், கூரை கிடையாது. துரை ஹார்பர் கூலிகளிடம் தமிழ் கற்றவர்.

"கியர் போட்டா கர்ருங்குது மேன். ரெட் லைட் போவ மாட்டேங்குது. சர்வீஸுக்கு முன்னாடி நல்லாத்தானே இருந்துச்சு? இன்னா பேஜாரு இது?"

இன்ஜின் ஆயிலை மாற்றினோம். ஆயில் ஸ்விட்சை மாற்றினோம். கிளட்ச் ராடை அட்ஜஸ்ட் செய்தோம். கியர் ஆயிலை இறக்கி வடிகட்டினால் ஒரு இரும்புத்தூள்கூட இல்லை. கடைசியில் கியர்பாக்ஸையே இறக்கிவிடுவது என்று மேஸ்திரி முடிவு செய்தார்.

2. பெடலுக்குப் பின்னால்

கியர்பாக்ஸை இறக்க ஸீட்டையும் கார்ப்பெட்டையும் எடுத்தாக வேண்டும். எடுத்தேன். கிளட்ச் பெடலுக்குப் பின்னால், கார்ப்பெட் மடிப்பில், ஓர் எலுமிச்சம்பழம் நசுங்கிக் காய்ந்து கிடந்தது. பெடல் முழுதாக இறங்கவே முடியாது. கிளட்ச் பாதிதான் விடும். அப்புறம் கியர் கத்தாமல் என்ன செய்யும்?

மேஸ்திரி பழத்தை உருட்டிப் பார்த்தார். "இது நம்ம பழம்டா."

போன சர்வீஸ் ஆயுத பூஜை சமயத்தில் நடந்தது. ஸ்பேனரிலிருந்து லேத் வரை எல்லாவற்றுக்கும் பொட்டும் எலுமிச்சம்பழமும் வைத்த மேஸ்திரி, துரை வண்டியையும் விடவில்லை. பிறகு துரை என்ன சொல்வாரோ என்று பயந்து அவரே பொட்டுகளைத் துடைத்தும் அனுப்பினார்; உள்ளே உருண்டுபோன பழம் கண்ணில் படவில்லை. இது நினைவுக்கு வந்ததும் நான் நிமிர்ந்து ஆயில் லாம்பைப் பார்த்தேன். கட்டைவிரலால் ஒரு தேய்ப்புத் தேய்த்தேன்.

லாம்ப் அணைந்தது. விரல் சிவந்தது.

எண்ணெயில் குழைத்த குங்குமம். அந்தச் சின்னக் கண்ணாடிக்கு அளவெடுத்தது போல் வைத்திருந்தார் மனிதர்; துடைக்கும்போது இது மட்டும் தப்பிவிட்டது. கூரையில்லாத வண்டியில் வெயில் பட்டதும் ஜெகஜோதியாக எரிந்திருக்கிறது. காசிம் பாய் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

துரை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னா பண்ணே மேன்?"

நான் வாயைத் திறப்பதற்குள் மேஸ்திரி முந்திக்கொண்டார். "வெறும் அழுக்கு, தொரே. தொடச்சாப் போயிடும்."

சொல்லிவிட்டு என்னை ஒரு முறை முறைத்தார். பெர்மனன்ட் ஆகாதவனுக்கு வாய் எதற்கு? மூடிக்கொண்டேன். மறுநாள் பெர்மனன்ட் பேச்சை எடுத்தபோது, "எலுமிச்சம்பழம் எடுக்கிறதெல்லாம் ஒரு ரிப்பேராடா?" என்று கேட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

3. எந்தத் துணி?

சில வாரம் கழித்து அதே வண்டி ஹார்பர் மாட்டுவண்டிக்குப் பின்னால் கயிறு கட்டி வந்தது. எண்ணூர் ரோட்டில் கல் இடித்து, இன்ஜினுக்கு அடியிலிருக்கும் ஆயில் தொட்டியான ஸம்ப் உடைந்து, ஆயில் மொத்தமும் கொட்டியிருக்கிறது. பேரிங் உருகி, இன்ஜின் இறுகிப்போய்விட்டது.

"லைட்டு எரிஞ்சிருக்குமே, தொரே?" என்றார் மேஸ்திரி.

"எரிஞ்சுது. தொடச்சேன். ரெண்டு வாட்டி தொடச்சேன். போவல." துரை தன் கைக்குட்டையை நீட்டி என்னிடம் உண்மையான அக்கறையோடு கேட்டார்: "நீ எந்தத் துணி யூஸ் பண்றே மேன்?"

காசிம் பாய் சிரிப்பை அடக்க லேத்துக்குப் பின்னால் போய்விட்டார்.

"அன்னிக்கு லைட்ட நிறுத்தினவன்தான் இன்ஜினத் தொடணும். வேற எவனும் வாணாம்" என்று துரை கறாராகச் சொல்லிவிட்டார். டெம்பரரி ஆளிடம் முழு இன்ஜினை ஒப்படைக்கக் கூடாது என்பது ஒர்க்‌ஷாப் ரூல். மேஸ்திரிக்கு வேறு வழியில்லை. வெற்றிலையைத் துப்பிவிட்டு, "இன்னியிலிருந்து நீ பெர்மனன்ட், போ" என்றார். வியாசர்பாடிக்கு அன்று மாலையே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

இன்ஜின் வேலை முடிந்து டெலிவரி அன்று துரையை ஸீட்டில் உட்கார வைத்தேன். சாவியைத் திருப்பினேன், லாம்ப் எரிந்தது. ஸ்டார்ட் செய்தேன், அணைந்தது.

"இப்படித்தான் இருக்கணும், தொரே. ஓடும்போது எரிஞ்சா உடனே நிறுத்துங்க. தொடைக்காதீங்க."

அவர் யோசித்தார். "அப்போ அன்னிக்கு வந்த அழுக்கு இன்னா?"

மேஸ்திரி சட்டென்று பானட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டார். நான் பெர்மனன்ட் ஆகியிருந்தேன்.

"குங்குமம், தொரே. உங்க வண்டி நல்லா இருக்கணும்னு மேஸ்திரி வச்சது."

துரை லாம்பைக் கட்டைவிரலால் ஒரு தேய்ப்புத் தேய்த்துப் பார்த்தார். பிறகு வண்டி குலுங்கச் சிரித்தார். அடுத்த ஆயுத பூஜைக்கு அவரே வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, "பம்பர்ல மட்டும் வை, மேஸ்திரி" என்றார்.

இந்தத் தொழிலுக்கு வரும் தம்பிகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். கோளாறைச் சரிசெய்தால் மட்டும் போதாது. அது எதனால் வந்தது என்று வண்டிக்காரரிடம் உண்மையைச் சொல்லி அனுப்புங்கள். நாங்கள் சொல்லாமல் அனுப்பியதால்தான் அந்த நல்ல இன்ஜின் எண்ணூர் ரோட்டில் செத்தது.