எழும்பூரில் பெண்கள் காத்திருக்கும் அறை

எழும்பூர் ரயில் நிலையத்தில் பெண்கள் காத்திருக்கும் அறையின் சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு கண்ணாடி இருந்தது. ஓரங்களில் ரசம் போய், பார்ப்பவர் முகத்தில் கறுப்புப் புள்ளிகள் விழும். அதன் முன்னால் அக்காவை நிற்க வைத்து அம்மா தலைவாரிப் பின்னிவிட்ட ஒரு மத்தியானம்தான் அம்மாவை நினைத்தால் எனக்கு முதலில் வருகிறது. அக்கா அப்போது கல்யாணமாகி வேறு வீட்டுக்குப் போனவள். எங்களுக்கு இரும்புலியூரில் சொந்த வீடு இருந்தது, அங்கே நல்ல கண்ணாடியும் இருந்தது. ஆனால் அந்த வீட்டுக்குள் அக்கா வரக்கூடாது என்று அப்பா சொல்லியிருந்தார்.

அப்பா தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியர், சபைக் கமிட்டியிலும் இருந்தவர். குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. அக்கா தான் வேலை பார்த்த இடத்துக்குப் பக்கத்தில், துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய ஒருவரை விரும்பினாள். ராயபுரத்து மீனவக் குடும்பம். அவருடைய அம்மா கூடை சுமந்து மீன் விற்றவர். அவர்கள் இந்துக்கள், நாங்கள் கிறிஸ்தவர்கள். பதிவுத் திருமணம் செய்துகொண்டு இருவரும் வந்து வாசலில் நின்றபோது, அப்பா படித்துக்கொண்டிருந்த புத்தகத்தை மூடிவிட்டு, "இனி நீ இந்த வாசப்படி ஏறக் கூடாது" என்று மட்டும் சொன்னார். அன்று முதல் மாலை ஜெபத்தில் எங்கள் பெயர்களைச் சொல்லும்போது அவள் பெயரை விட்டுவிடுவார். அவர் ஆமென் சொன்ன பிறகும் அம்மாவின் உதடுகள் சற்று நேரம் அசைந்துகொண்டிருக்கும்.

சில மாதங்கள் அப்படிப் போயின. பிறகு அம்மா ஒரு வழி கண்டுபிடித்தார். நான் எழும்பூரில் ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். சனிக்கிழமை அரைநாள்தான் வேலை. மாதத்தின் முதல் சனிக்கிழமை எழும்பூரில் ஒரு சபையில் பெண்கள் கூட்டம் நடக்கிறது என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு அம்மா தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறுவார். அக்கா பீச் ஸ்டேஷனிலிருந்து வருவாள். நான் வேலை முடிந்து நடந்தே போய்ச் சேர்ந்துகொள்வேன். ஏன் இந்த இடம் என்று கேட்டதற்கு அம்மா சொன்ன பதில் எனக்கு மறக்கவில்லை. "இங்க யாரும் எதுக்கு உக்காந்திருக்கேன்னு கேக்க மாட்டாங்க. எல்லாரும் எங்கேயோ போறவங்கதானே."

உண்மைதான். ட்ரங்குப் பெட்டிகளும் படுக்கைச் சுருள்களுமாகத் திருநெல்வேலிக்கும் ராமேஸ்வரத்துக்கும் போகிறவர்கள் நிறைந்திருப்பார்கள். குளியலறைப் பக்கமிருந்து பினாயில் வாடை வரும். பிரம்பு நாற்காலிகளில் யாராவது குழந்தையை மார்பில் போட்டுத் தூங்கிக்கொண்டிருப்பார்கள். அதற்கு நடுவில் ஒரு மரப்பெஞ்சின் கோடியில் அம்மா தூக்குவாளியைத் திறப்பார். மீன் விற்கிற வீட்டில் வாழ்கிறவளுக்கு அம்மா கொண்டுவந்தது எப்போதும் கறிக்குழம்புதான்.

அக்காவுக்கு ஏழாம் மாதம் வந்தது. எங்கள் வீட்டு வழக்கப்படி தலைச்சன் பிள்ளைக்குத் தாய்வீட்டில் ஜெபம் செய்து, கலந்த சோறு கட்டிக்கொடுத்து, வளையல் போட்டு அனுப்புவார்கள். அந்தச் சனிக்கிழமை அம்மா எலுமிச்சைச் சோறும் புளிச்சோறும், காகிதத்தில் சுற்றிய கண்ணாடி வளையல்களும் கொண்டுவந்திருந்தார். அந்த அறையைப் பெருக்கித் துடைத்துக் காவல் பார்க்கிற ஆயாதான் முதலில் கவனித்தாள். "இன்னாம்மா, மாசமா கீற பொண்ண நிக்க வெச்சிகினு? குந்தச் சொல்லு" என்று தானே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். அம்மா கண்ணை மூடி வாய்க்குள் ஜெபித்துவிட்டு முதல் வளையலைப் போட்டார். நாகூருக்குப் போகக் காத்திருந்த ஒரு முஸ்லிம் அம்மாள் எழுந்து வந்து, நானும் ஒன்று போடலாமா என்று கேட்டார். அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை, ஒவ்வொருவராக வந்து போட்டார்கள். மடிசார் கட்டிய ஒரு முதிய பெண்மணி அக்காவுக்கு வைக்கக் குங்குமச் சிமிழைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவின் வெறும் நெற்றியைப் பார்த்துத் தயங்கினார். "வைங்க" என்றார் அம்மா. எல்லோருக்கும் சோறு கொஞ்சம் கொஞ்சம் வந்தது. அவர்களில் யாரையும் நாங்கள் அதற்குமுன் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. அம்மா முகம் கழுவப் போய் நெடுநேரம் கழித்து வந்தார்.

பெண் குழந்தை பிறந்தது. அம்மா பேத்தியை முதலில் கையில் வாங்கியதும் அந்த அறையில்தான். அதற்குப் பிறகு சில மாதங்களில் அம்மாவுக்கு நெஞ்சுவலி வந்தது. இதயம் பலவீனமாக இருக்கிறது, கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அடுத்து வந்த முதல் சனிக்கிழமை காலை நான் வேலைக்குக் கிளம்பும்போது, அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்க, அம்மா மறைக்காமல் சொன்னார்: "எழும்பூர் ஸ்டேஷன் லேடீஸ் வெயிட்டிங் ரூம்ல அவ குழந்தையோட காத்துக்கிட்டிருப்பா. என்னால வர முடியலன்னு சொல்லிடு." அப்பா பேப்பரிலிருந்து நிமிரவில்லை. நான் கிளம்பிவிட்டேன்.

மத்தியானம் நான் போனபோது அந்த அறையின் கதவுக்கு வெளியே, முழுக்கைச் சட்டையும் வேட்டியுமாக, கையில் குடையோடு அப்பா நின்றிருந்தார். ஆயா அவரிடம், "சார், ஆம்பளைங்கோ இங்க நிக்கக் கூடாது. லேடீஸ் போற வழி. அந்த பெஞ்சாண்ட போய் குந்து" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் கொஞ்சம் விலகினார், ஆனால் உட்காரவில்லை.

என்னைப் பார்த்ததும், "உள்ளதான் இருக்காளா?" என்று கேட்டார். அவள் வீட்டை விட்டுப் போன பிறகு அவளைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அது.

உள்ளே போய் அம்மாவின் நிலைமையையும் அப்பா வந்திருப்பதையும் அக்காவிடம் சொன்னேன். அம்மாவுக்கு முடியவில்லை என்றதும் அவள் கண்கள் நிரம்பின. உடனே எழுந்துவிடுவாள் என்று நினைத்தேன். அவள் எழவில்லை. குழந்தையை மடியில் இறுக்கிக்கொண்டாள். "அவர் கூப்பிட்டாரா, இல்ல நீயா கூப்பிடுறியா?" என்றாள். "அன்னைக்கு அவர் வாயாலதானே வராதேன்னார். வான்னும் அவரே சொல்லட்டும்."

வெளியே வந்து அதை அப்படியே அப்பாவிடம் சொன்னேன். ஏதோ ஒரு வண்டி வந்து நின்று, கூலிகளும் பயணிகளும் எங்களை இடித்துக்கொண்டு போனார்கள். கூட்டம் வடிந்த பிறகு அப்பா குடையை என்னிடம் கொடுத்துவிட்டுக் கதவருகே போனார். அரைக்கதவை ஒரு கையால் தள்ளிப் பிடித்துக்கொண்டார். காலை உள்ளே வைக்கவில்லை, தலை குனிந்திருந்தது.

"அம்மாவுக்கு முடியல. உன்னைப் பாக்கணும்ங்கிறா."

அக்கா அசையவில்லை. அறையிலிருந்த பெண்கள் எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

"எனக்கும்தான் பாக்கணும். வீட்டுக்கு வாம்மா."

ஆயா வந்து மற்ற கதவைத் திறந்து பிடித்தாள்.

தாம்பரம் வண்டியில் நாங்கள் எதிரெதிரே உட்கார்ந்தோம். மீனம்பாக்கம் தாண்டியதும் அப்பா இரண்டு கைகளையும் நீட்டினார். அக்கா அவரைச் சற்று நேரம் பார்த்துவிட்டுக் குழந்தையைக் கொடுத்தாள். பேர் என்ன என்று கேட்டார். "அம்மா பேருதான்" என்றாள். அதற்குப் பிறகு தாம்பரம் வரும்வரை அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

அம்மா அந்த வருடத்து ஈஸ்டர் வரை இருந்தார். அக்கா கூடவே இருந்து பார்த்துக்கொண்டாள். அத்தான் ஞாயிறுதோறும் வருவார். அம்மாவின் சவப்பெட்டியைத் தூக்கும்போது ஒதுங்கி நின்ற அத்தானை அப்பாதான் கையைப் பிடித்து அழைத்துவந்து முன்பக்கம் நிறுத்தினார். சபையார் சிலர் முகம் சுளித்தார்கள்.

சமீபத்தில் மதுரை வண்டிக்காக அதே எழும்பூரில் காத்திருந்தேன். குளிர்சாதன அறை, இரும்பு நாற்காலிகள். பக்கத்துப் பெண்ணிடம் வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்டேன். காதிலிருந்ததைக் கழற்றாமல் சுவரிலிருந்த திரையைக் காட்டினாள். அவளைக் குறை சொல்வதற்கில்லை, அவளுக்கு அது வெறும் காத்திருக்கும் இடம்.

ஓய்வு பெற்ற பிறகு அப்பா ராஜகீழ்ப்பாக்கத்தில் என் வீட்டில் இருக்கச் சம்மதிக்கவில்லை. ராயபுரத்துக்கு, அக்கா வீட்டுக்குப் போனார். கடைசி வருடங்கள் அங்கேதான் கழிந்தன. அவர் இறந்த அன்று அக்காவின் மாமியார், அந்த மீன்கார அம்மாள், என் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார்.

"தெனம் சாயங்காலம் சர்ச்சுக்குப் போய்ட்டு வருவாரு. கதவு தொறந்துதான் கெடக்கும். உள்ள வர மாட்டாரு. பொண்ணு வந்து வாங்கப்பான்னு சொல்ற வரிக்கும் வாசல்லயே நின்னுகினு இருப்பாரு. உங்க வூடு மாதிரிதானே சார்னு நானும் சொல்லிப் பாத்துட்டேன். கேக்கல."

அது உண்மையா என்று அக்காவிடம் கேட்டேன். ஆமாம் என்றாள். அவர் நிற்கக் கூடாதே என்று, அவர் திரும்பும் நேரத்துக்கு முன்பே அவள் போய்க் கதவருகே நின்றுகொள்வாளாம்.