சிலுவையம்மாள் போட்ட கூறு

சிலுவையம்மாளுக்கு யாரிடமும் பயம் கிடையாது. ராயபுரத்துக் கட்டுமரக்காரர் வீட்டில் பிறந்து, திருவொற்றியூர் பாட்டில் கம்பெனியில் பதினாறு வருஷம் விளக்குக்கு முன்னால் உட்கார்ந்து, கீறல் விழுந்த பாட்டிலைப் பொறுக்கித் தள்ளியவள். கிழக்குக் கொட்டகையின் நாற்பது பெண்களுக்கும் அவள்தான் மேஸ்திரி. சாமியார் காதோடு காதாக அவள் பாவசங்கீர்த்தனம் சொன்னால் கோயில் வாசல்வரை கேட்கும் என்பார்கள். அவ்வளவு மெல்லிய குரல்!

1969இல் கீறல் பாட்டில் கடைக்குப் போகிறதென்று புகார் மேல் புகார். மானேஜர் மனோதத்துவத்தைக் கூப்பிட்டார். லோகநாதன் என்ற கல்லூரி வாத்தியார் வந்தார். தாள் நிறைய எண்கள். ஏழு வருகிற இடத்தில் எல்லாம் கோடு போட வேண்டும். ஐந்து நிமிஷம். யாருக்கு எவ்வளவு கவனம் என்று அதில் தெரிந்துவிடுமாம். காலையில் மேற்குக் கொட்டகைக்குத் தாள் கொடுத்தார். மானேஜர் வீட்டில் மீன் குழம்பும் ஒரு குட்டித் தூக்கமும் முடிந்து, மாலை நாலரைக்குக் கிழக்குக் கொட்டகைக்கு வந்தார்.

பத்து நாளில் தீர்ப்பு வந்தது. மேற்கின் சராசரி முப்பத்தெட்டு, கிழக்கு இருபத்தாறு. கிழக்குப் பெண்களுக்குக் கவனம் போதாது. கடைசிப் பதினொரு பேரை நிறுத்திவிடலாம். பட்டியலில் முதல் பெயர் பூவம்மா. வியாசர்பாடிக்காரி. புருஷன் துறைமுகத்தில் கை நசுங்கி வீட்டில் கிடந்தான். இவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது.

சிலுவையம்மாள் நேரே ஆபீஸ் அறைக்குள் போய் லோகநாதன் முன்னால் நின்றாள்.

“இன்னா சார் இது? அவளுங்களுக்குக் காலைல குட்த்த, எங்களுக்குச் சாயங்காலம் குட்த்த. ஒம்போது மணி நேரம் வெளக்கயே பாத்துகினு இருந்த கண்ணு சார். அந்நேரத்துக்கு ஒனக்கே ஏழும் ஒண்ணும் ஒண்ணாத்தான் தெரியும்!”

லோகநாதனுக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் நல்ல மனுஷன். பேனாவை மூடிவிட்டு யோசித்தார். “அப்படியென்றால் இரண்டு கொட்டகையையும் கலந்து, பாதிப் பேருக்குக் காலையிலும் பாதிப் பேருக்கு மாலையிலும் வைக்க வேண்டும். நான் பிரித்தால் மானேஜர் பக்கம் என்பீர்கள். நீங்கள் பிரித்தால்...”

“நீயும் வாணாம், நானும் வாணாம். எங்க கடக்கரைல மீனக் கூறு போடுவாங்கோ, அப்டிப் போடலாம்.”

கரை சேர்ந்த மீனைச் சமமான கூறுகளாகக் குவித்து வைப்பார்கள். பங்குக்காரர்கள் ஆளுக்கொரு அடையாளம் தருவார்கள்: கிளிஞ்சல், பித்தான், பீடித்துண்டு. எது யாருடையது என்று தெரியாத ஒருவன் அவற்றை வாங்கிக் கூறுக்கு ஒன்றாக வைப்பான். அதற்குப் பிறகு எவனும் வாயைத் திறக்க முடியாது.

எண்பது பெண்களும் ஆளுக்கொரு பொருளைக் கூடையில் போட்டார்கள். டீ கொண்டுவரும் அத்தாவுல்லா கூடைக்குள் பார்க்காமல் எடுத்து, காலைப் பலகைக்கு ஒன்று, மாலைப் பலகைக்கு ஒன்று என்று மாற்றி மாற்றி வைத்தார். பூவம்மாவின் உடைந்த வளையல் மாலைப் பலகையில் விழுந்தது.

அவள் ஓடி வந்து சிலுவையம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். “யக்கா, என்னக் காலைல மாத்தி வுடுக்கா. இந்தத் தபாவும் கொறஞ்சா என் பொழப்பு நாறிப்பூடும்.”

சிலுவையம்மாள் பலகையைப் பார்த்தாள். ஒரு வளையலை நகர்த்த எவ்வளவு நேரம் ஆகும்?

“மாட்டேன்டி. ஒண்ண நவுத்துனா அல்லாமே பொய்யாப் பூடும். அப்பால பதினோரு பேரும் போவ வேண்டியதுதான். ஒத்த ஆளு மார்க்கு இன்னாத்தச் சொல்லும்? கும்பலா பாத்தாதான் தெரியும்.”

பூவம்மா மூன்று நாள் அவளோடு பேசவில்லை. அந்த மூன்று நாளும் சிலுவையம்மாள் சோற்றுத் தூக்கைத் திறக்காமலே வீட்டுக்குத் திரும்பக் கொண்டுபோனாள்.

முடிவு வந்த அன்று மானேஜர் முதலில் பூவம்மாவின் தாளைத்தான் எடுத்தார். முன்பைவிட இரண்டு குறைவு. “பார்த்தாயா?” என்று சிலுவையம்மாளைப் பார்த்துச் சிரித்தார்.

லோகநாதன் சிரிக்கவில்லை. “எல்லாவற்றையும் பாருங்கள் சார். காலையில் எழுதியவர்களின் சராசரி முப்பத்தெட்டு, மாலையில் இருபத்தேழு. கொட்டகைக்குக் கொட்டகை வித்தியாசமே இல்லை. போன தடவை நாற்பத்தைந்து வாங்கிய உங்கள் மேற்குக் கெட்டிக்காரி மாலையில் இருபத்தொன்றுதான் வாங்கியிருக்கிறாள். என் முதல் அறிக்கை தப்பு. நேரத்தை அளந்துவிட்டு ஆளை அளந்ததாக எழுதிவிட்டேன்.” பதினொரு பேர் பட்டியலை அவரே எடுத்து நாலாகக் கிழித்தார்.

மானேஜர் மேஜையைத் தட்டினார். “கீறல் பாட்டில் போவது நிற்கவில்லையே! நான் யாரைத்தான் வீட்டுக்கு அனுப்புவது?”

“மணி நாலடிச்சா அல்லாரயும் அனுப்புங்க சார்” என்றாள் சிலுவையம்மாள்.