அன்னையர் தினமும் மூன்றாம் நம்பர் மைக்கும்

அன்னையர் தின ஞாயிறுகளில் என் மனைவிக்குத் தலைவலி வருவது ரத்த அழுத்தத்தால்தான் என்று பல வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். மே மாத வெயில் அப்படி என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். அவளைக் கிளேபாங் வீட்டில் படுக்கவைத்துவிட்டு, நான் மட்டும் மலாக்கா டவுனில் இருக்கும் எங்கள் சபைக்குப் போவேன். கடைசி வரிசைக்குப் பின்னால் சவுண்ட் சிஸ்டம் என் பொறுப்பு.

ஒரு மே மாதம் பிரஷர் பார்க்கும் மெஷினே வாங்கி வந்துவிட்டேன். அந்த ஞாயிறு காலை அவள் கையில் சுற்றிப் பார்த்தால், என்னுடையதைவிட அவளுடையது நன்றாக இருந்தது. அப்புறம் எங்கேதான் வலிக்கிறது என்று கேட்டேன். மெஷினைக் கழற்றிக் கொடுத்துவிட்டுச் சொன்னாள்:

"அந்த அக்கா பண்ற ஜெபத்துலங்க."

எங்களுக்குப் பிள்ளை இல்லை. அந்த அக்கா எங்கள் சபைப் பெண்கள் ஐக்கியத்தின் தலைவி. வருஷா வருஷம் தாய்மார்களை முன்னால் வரச் சொல்லி ஆளுக்கொரு ரோஜா கொடுப்பார். பிறகு குரலைத் தாழ்த்தி, இன்னும் அந்தப் பாக்கியம் கிடைக்காத நம் சகோதரிக்காக ஜெபிப்போம் என்பார். சபையில் அப்படி இருப்பது ஒரே சகோதரி. எல்லோரும் திரும்பி என்னைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள். நான் அதை அன்பு என்று எடுத்துக்கொண்டேன். அக்கா குரலைத் தாழ்த்தினால் கேட்காதே என்று, அந்த இடத்தில் வால்யூமை ஏற்றிக் கொடுத்ததும் நான்தான்.

அன்றிலிருந்து நான் கிறிஸ்தவனாக இல்லை. அக்காவின் கார் டயர் பஞ்சராகவும், ஐக்கிய விருந்துக்கு அவர் கொண்டுவரும் கோழிக்கறியில் உப்புக் கரிக்கவும் தினமும் கண்ணீரோடு ஜெபித்தேன். கோழிக்கறி நன்றாகவே இருந்தது. மறு கன்னத்தைக் காட்டச் சொன்னது எனக்கும் தெரியும். என் கன்னமாக இருந்தால் காட்டியிருப்பேன். இது அவள் கன்னம். ஷாப்பிங் மால்காரன் ரோஜா விற்கக் கொண்டாடும் நாளை, செல்ஃபி எடுக்கும் ஃபிரேம் முதற்கொண்டு அப்படியே தூக்கிவந்து பலிபீடத்துக்கு முன்னால் வைத்தோம். மால்காரன்கூட பிள்ளை இல்லாதவளை மைக்கில் கூப்பிட்டதில்லை.

அடுத்த வருஷம் திட்டம் தயார். அக்கா கையில் இருப்பது மூன்றாம் நம்பர் மைக். அவர் குரலைத் தாழ்த்தும் நேரத்தில் அதை அணைத்துவிடுவது. வாய் மட்டும் மீன் மாதிரி அசையட்டும். ஒரு வேடிக்கை இருக்கிறது, இந்த வருஷம் மட்டும் வா என்று கெஞ்சி மனைவியை அழைத்துப்போனேன். கடைசி வரிசையில் என் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

ரோஜா முடிந்தது. அக்கா குரலைத் தாழ்த்தினார். மைக்கை அணைத்துவிட்டேன்.

ஒன்றும் ஆகவில்லை. அக்காவுடையது ரப்பர் எஸ்டேட்டில் பிறந்த தொண்டை. கிளேபாங்கில் நின்று கூப்பிட்டால் டவுனுக்கு அந்தப் பக்கம் செர்காம் கடற்கரையில் வலை இழுப்பவன் திரும்பிப் பார்ப்பான். அக்கா மைக்கைக் கீழே இறக்கிவிட்டு முழுக் குரலில் ஜெபத்தைத் தொடர்ந்தார். போதகர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் பதறி, கைக்கு வந்த பட்டனையெல்லாம் அழுத்தினேன். ஸ்பீக்கர் ஒரு முறை வீறிட்டது. பிறகு ஃபியூஸ் போய் மைக், கீபோர்டு, மின்விசிறி எல்லாம் நின்றுவிட்டன. அக்காவும் நிறுத்திவிட்டார். மேஜைக்கு அடியில் புகுந்துகொள்ளலாமா என்று பார்த்தேன். என் வயிறு புகாது.

அந்த அமைதியில் என் மனைவி எழுந்து நின்றாள். கத்தவில்லை. கத்த வேண்டியிருக்கவுமில்லை.

"அக்கா, இத்தன வருஷமா எனக்காக ஜெபம் பண்றீங்க. நான் எப்ப கேட்டேன்? எனக்கு அம்பது தாண்டிருச்சு. இனிமே கர்த்தர் குடுத்தார்னா நீங்கதான் வந்து வளக்கணும்."

முன்வரிசையில் ஒரு பாட்டிம்மா சிரித்துவிட்டார். போதகர் அவசரமாக, சண்டே ஸ்கூல் பிள்ளைகள் எல்லோருக்கும் இவர்தானே தாய் என்று ஆறுதல் சொன்னார்.

"நான் அவங்களுக்கு டீச்சர், பாஸ்டர். அதுவே போதும்லா."

சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

நடந்தது இவ்வளவுதான். அக்கா தன் இடத்துக்குப் போனார். மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் இன்னும் மன்னிக்கவில்லை. சவுண்ட் சிஸ்டத்தை இப்போது வேறொருவர் பார்த்துக்கொள்கிறார். இந்த மே மாதம் ரோஜா இருந்தது, அந்த ஜெபம் இல்லை. என் மனைவி சபைக்கு வந்திருந்தாள்.