பனியில் கறுத்த கால்கள்

இந்த ஊரில் பனியில் ஓடப் போகிறவர்கள் முதலில் சட்டையைக் குறைக்கிறார்கள். கொஞ்ச தூரத்திலேயே உடம்பு சூடாகி வியர்த்துவிடும், அந்த ஈரம் அப்புறம் குளிரில் ஆளைக் கொன்றுவிடும் என்பதால், புறப்படும்போது நடுங்கிக்கொண்டேதான் புறப்பட வேண்டுமாம். செந்தூலில் தூறல் விழுந்தாலே துண்டை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடி வரும் அம்மாவிடம் இதைப் போனில் சொன்னேன். "உன்னை யாரும்மா துரத்துறா?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. இப்போது வருவதில்லை.

மலேசியாவில், செந்தூல் ரயில்வே பட்டறைக்காரரின் மகள் நான். நர்ஸ் படிப்புக்காக எழுபதுகளில் இங்கிலாந்துக்கு வந்து, இங்கேயே தங்கிவிட்டேன். நாற்பது வயதுக்குமேல் ஓட்டம் பிடித்துப் போனது. வடக்கே, மலை முகடுகள் வழியாக நான்கு நாள் ஓடும் பந்தயம் ஒன்று ஜனவரியில் நடக்கும். பகலெல்லாம் ஓடிவிட்டு, பொழுது சாய்ந்ததும் ஏதாவது ஒரு கிராமத்து மண்டபத்தில் படுத்துக்கொள்ள வேண்டும். என் ஊர்க்காரர்களே, நீங்கள் இதைப் படித்துவிட்டு 'இவளுக்கு என்ன பைத்தியமா' என்று கேட்பீர்கள். கேளுங்கள். நான் உங்களைக் கேட்க வேண்டியதும் இருக்கிறது.

இரண்டாம் நாள் முழுக்க எதிர்க்காற்று. முழங்கால் வரை பனி, அதற்கடியில் சேறு, சேற்றுக்கடியில் பனிக்கட்டி. ஷூவுக்குள் தண்ணீர் புகுந்து கால்விரல்கள் இருக்கின்றனவா என்றே தெரியவில்லை. மாலையில் மண்டபத்துக்குள் நுழைந்ததும், பந்தயத்தில் உதவிக்கு நிற்கும் டெரெக் என்ற பெரியவர் கையில் தேநீரைக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "உன் தம்பி மலேசியாவிலிருந்து போன் செய்தார். அம்மாவுக்கு உடம்பு மிக மோசமாம். உடனே புறப்பட்டு வரச் சொன்னார்."

"அம்மா இறந்துவிட்டார்," என்றேன்.

"இல்லையில்லை, மோசம் என்றுதான் சொன்னார். நான் திரும்பக் கேட்டேன்."

"எங்கள் ஆட்களை உங்களுக்குத் தெரியாது, டெரெக்."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. வேலையில் நானே எத்தனையோ வீடுகளுக்குப் போன் செய்து, 'உங்கள் கணவர் இறந்துவிட்டார்' என்று அந்தச் சொல்லையே சொல்லியிருக்கிறேன். சுற்றி வளைக்கக் கூடாது என்பது இங்கே ஆஸ்பத்திரி விதி. எங்கள் வீட்டில் விதியே வேறு. அப்பா போனபோது தம்பி சேகர் இப்படித்தான் போன் செய்தான். "அப்பாவுக்கு முடியலக்கா, உடனே வா." பிளேன் முழுக்க எந்த டாக்டரிடம் காட்டுவது, என்ன மருந்து கேட்பது என்று யோசித்துக்கொண்டே போனேன். அவருக்கென்று ஒரு கம்பளி பனியன்கூட வாங்கி வைத்திருந்தேன். சுபாங் விமான நிலையத்துக்குக் காரில் வந்த மாமா, "டாக்டருங்க பாத்துக்கிட்டு இருக்காங்கம்மா" என்றார். தெருமுனையில் பந்தலைப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது. முந்தின நாளே தகனம் முடிந்துவிட்டது. "தனியா வர்ற பொண்ணுக்கிட்ட எப்படிலா சொல்றது?" என்று எல்லோரும் என்னையே திருப்பிக் கேட்டார்கள். அன்று சேகரைப் பிடித்துக் கத்தினேன்: "இனிமே செத்தா செத்துட்டாங்கன்னு சொல்லு." அவன் "சரிக்கா" என்று தலையாட்டினான்.

தலையாட்டியதை நான் நம்பவில்லை. மண்டபத்தில் டெலிபோன் இருந்தது. எடுத்துக் கேட்டாலும் அதே பொய்யைத்தான் சொல்லுவான் என்று நினைத்தேன். ஸ்டேஷன் வரை காரில் விடுகிறேன் என்று டெரெக் கெஞ்சினார். வேண்டாம் என்றேன். மறுபடியும் ஒரு பந்தலைப் பார்க்கப் பதிமூன்று மணி நேரம் பொய்யான நம்பிக்கையோடு உட்கார்ந்து போக என்னால் முடியாது. அழுவதென்றால் இந்த மலையிலேயே அழுகிறேன் என்று மூன்றாம் நாளும் ஓடினேன், நான்காம் நாளும் ஓடினேன். வழியெல்லாம் அம்மாவைக் கூப்பிட்டு அழுதேன். கண்ணீர் இமையிலேயே உறைந்தது. எதிரே வந்தவர்கள் "சபாஷ், இன்னும் கொஞ்ச தூரம்தான்" என்று கை தட்டினார்கள்.

பந்தயம் முடிந்த இடத்தில், கழுத்தில் மாட்டிய மெடலோடு போன் செய்தேன்.

"எங்கக்கா போயிட்ட?" சேகர் குரல் உடைந்திருந்தது. "இன்னிக்குக் காலையிலதான் போனாங்க. நேத்தெல்லாம் கதவு ஆடினாலே, 'வந்துட்டாளா'ன்னு உன்னைத்தான் கேட்டாங்க. பிளேன்ல இருக்கான்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். நீ சொன்ன மாதிரிதானே சொன்னேன்? உயிரோட இருந்ததாலதானே மோசமா இருக்காங்க, வான்னு சொன்னேன்?"

ஆமாம், சொன்னபடியே செய்திருக்கிறான். அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. அவன் உண்மை பேசிப் பழகிக்கொள்ள அம்மாவின் முறைதானா கிடைத்தது? நீங்கள் தலைமுறை தலைமுறையாகப் பக்குவமாகச் சொல்கிறோம், இதமாகச் சொல்கிறோம் என்று மறைத்து மறைத்து, நிஜமாகவே உயிர் ஊசலாடும்போது அதைச் சொல்ல ஒரு வழியும் மிச்சம் வைக்கவில்லையே. என்னைக் குற்றம் சொல்ல வராதீர்கள். அந்தக் குற்றத்தை நான் தனியாகச் சுமந்துகொள்வேன், அதில் உங்கள் பங்கையும் சேர்த்துச் சுமக்க மாட்டேன்.

இந்த முறையும் தகனத்துக்குப் பிறகுதான் போய்ச் சேர்ந்தேன். செந்தூல் வீட்டின் சூட்டில் கால்கள் வீங்கித் தீயாய் எரிந்தன. குளிரில் விரல்கள் சிவந்து தடித்திருந்தன, நகங்கள் கறுத்திருந்தன. வெறுங்காலோடு உட்காரும் வீட்டில் அதை எங்கே ஒளிப்பது? துக்கம் கேட்க வந்தவர்களிடம் சேகர் வாசலிலேயே சொல்லிக்கொண்டிருந்தான்: "அக்காவுக்கு ஆஸ்பத்திரில லீவு கிடைக்கலங்க." என்னைக் காப்பாற்றுகிறானாம்.

"என்னாம்மா காலு இது?" என்றார் சித்தி.

"ஓடினேன் சித்தி. அம்மா கூப்பிட்டப்போ நான் மலையில ஓடிக்கிட்டு இருந்தேன்."

சித்தி ஒரு போர்வையை எடுத்து என் காலில் போட்டுவிட்டு, அப்போதுதான் உள்ளே வந்த பக்கத்து வீட்டு ஆன்டியிடம் திரும்பினார். "பாவம், லீவே குடுக்கலையாம்."

நான் போர்வையை உதறித் தள்ளினேன். பெரியவர்கள் முன்னால் கால் நீட்டக் கூடாது என்று வளர்த்தவள் என் அம்மா. அவள் கடைசியாகப் படுத்திருந்த பாயின்மேல், அந்த ஊர்ப் பனியில் கறுத்த கால்களை, எல்லோரும் பார்க்க நீட்டியே வைத்திருந்தேன்.