தேசப்படத்தை மாற்றிக் கட்டியவன்

பி.யு.சி.யில் சரித்திரம் எடுத்துப் படிப்பதும் ஒரு தொழில்தான். கூலி கிடையாது, ஏச்சு மட்டும் உண்டு. நீங்களும் எடுத்தவராக இருந்தால் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பௌதிகம் எடுத்தவன் நோட்டைத் தூக்கிக்கொண்டு நடந்த நடையும், அவன் அம்மா நம்மைப் பார்த்த பார்வையும் உங்களுக்கும் நினைவிருக்கும்.

அப்பா திருவானைக்கோவிலில் தையல் கடை வைத்திருந்தார். பெரியப்பாவுக்குத் தென்னூரில் வாடகை சைக்கிள் கடை. வீட்டில் பேசி முடித்த ஏற்பாடு இதுதான்: பி.யு.சி. ஒரே வருஷம். பாஸ் செய்தால் பி.ஏ.விலும் சரித்திரமே படிக்கலாம். ஃபெயிலானால் சைக்கிள் கடை. ஸ்ரீரங்கத்திலிருந்து திருச்சிக்கு டவுன் பஸ்ஸில் போய் அந்த ஒரு வருஷம் படித்தேன். யார் யார் என்ன சொன்னார்கள் என்பது அட்சரம் பிசகாமல் ஞாபகம் இருக்கிறது. பேர்களை மட்டும் விட்டுவிடுகிறேன். அது என் பெருந்தன்மை.

சேர்ந்த அன்று

எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் எனக்கு நல்ல மார்க். கல்லூரி ஆபீஸ் குமாஸ்தா என் விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு, நான் கை தவறி எழுதிவிட்டேன் என்று நினைத்து, சரித்திரத்தை அடித்து சயன்ஸ் குரூப் என்று திருத்திவிட்டார். நான் அவர் மேஜையிலேயே குனிந்து, அவர் எழுதியதை அடித்து, மறுபடி சரித்திரம் என்று எழுதினேன். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏன் தம்பி, மார்க் இல்லாதவன் அழுதுகிட்டே வாங்கிட்டுப் போற குரூப்பு இது. நீ சண்டை போட்டு வாங்குறியே, வீட்டுல சொல்லிட்டுத்தான் வந்தியா?"

காதில் விழுந்த சரித்திரம்

பள்ளிக்கூடத்தில் பதினோரு வருஷம் தமிழில் படித்தோம். பி.யு.சி.யில் ஒரே ராத்திரியில் எல்லா ராஜாக்களும் இங்கிலீஷ் பேச ஆரம்பித்துவிட்டார்கள். விரிவுரையாளர் நோட்ஸ் சொல்லச் சொல்ல எழுத வேண்டும். எனக்கு ஸ்பெல்லிங் ஓடாது. அதனால் அவர் சொன்ன இங்கிலீஷை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதினேன். "தி பேட்டில் வாஸ் டிஸைஸிவ்." பக்கம் பக்கமாக இப்படித்தான். சாயங்காலம் உட்கார்ந்து அதை இங்கிலீஷ் எழுத்துக்கு மாற்றுவேன், அப்புறம் அகராதி வைத்து அர்த்தம் பார்ப்பேன். மற்றவர்கள் ஒரு தடவை எழுதிய பாடத்தை நான் மூன்று தடவை எழுதினேன். அதனால்தான் இன்னும் எனக்கு மறக்கவில்லை, அவர்களுக்கு மறந்துவிட்டது.

ஒரு நாள் விரிவுரையாளர் பெஞ்சுகளுக்கு நடுவே வந்து என் நோட்டை எடுத்தார். தலைகீழாகக்கூடத் திருப்பிப் பார்த்தார். வகுப்பே காத்திருந்தது. "உட்காருப்பா. இந்தக் கல்வெட்டைப் படிக்கக் கல்வெட்டு இலாகாவிலேயிருந்து ஆள் வரணும்."

பெருமாளும் பிரெஞ்சுக்காரனும்

கர்நாடக யுத்தப் பாடம் நடத்திய வாரத்தில் எனக்குத் தூக்கமே பிடிக்கவில்லை. பிரெஞ்சுப் பட்டாளம் ஸ்ரீரங்கம் கோயிலுக்குள் முகாம் போட்டிருந்தது என்று பாடத்தில் வந்தது. பஸ் பிடிக்க நான் தினமும் நடக்கிற வீதியே கோயில் மதிலுக்குள்தான் இருக்கிறது. அன்று சாயங்காலம் அதே வீதியில் நின்று மதிலை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் சயன்ஸ் குரூப் படித்த ஒரு பையனின் அப்பா, திருமண் துலங்க, சேவித்துவிட்டு வந்துகொண்டிருந்தார். என்ன பார்க்கிறாய் என்று கேட்டார். பீரங்கி, கூடாரம், வெள்ளைக்காரன் எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டார்.

"வந்தவா எல்லாரும் போயிட்டா. பெருமாள் படுத்த இடத்துலயே இருக்கார். நடுவுல நீ என்னத்தைடா படிக்கறே?"

ஒரு கைச் சட்டை

இங்கிலீஷ் வாக்கியமே எழுதாமல் மார்க் வாங்க ஓர் இடம் உண்டு என்பதைத் தை மாதம் கண்டுபிடித்தேன். தேசப்படக் கேள்வி. முழுசாகப் பத்து மார்க். எல்லையைப் போட்டு ஊர்களைக் குறித்தால் போதும். இலக்கணப் பிழை என்று யாரும் சிவப்பு மையால் கிழிக்க முடியாது. அப்பா சட்டைக்கு அளவு வெட்டும் பழுப்புக் காகிதத்தில் இந்தியாவை வரைந்து வெட்டினேன். அதைச் சுற்றிப் பென்சில் ஓட்டி ஓட்டி, கடைசியில் அது இல்லாமலே கை தானாக வரைந்தது. அசோகர் காலம், அக்பர் காலம், கம்பெனி காலம் என்று அப்பா கடைச் சுவர் முழுக்க மாட்டினேன்.

ஒரு நாள் அப்பா அந்த வெட்டுக் காகிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். பல்லில் கடித்திருந்த ஊசியை எடுத்துவிட்டுச் சொன்னார்: "கழுத்து சரியா விழுந்திருக்கு. ஆனா இந்தச் சட்டைக்கு ஒரு கைதான்டா இருக்கு."

மணி அடித்த பிறகு

பரீட்சையில் அக்பர் இறந்தபோது இருந்த இந்தியாவைக் கேட்டிருந்தார்கள். கேள்வியைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். சிரித்த சிரிப்பில் பேனா உதறி, கேள்வித்தாளோடு கொடுத்திருந்த வெற்றுப் படத்தில் ஆக்ரா மேல் ஒரு பெரிய மைச்சொட்டு. எழுந்து நின்று வேறு படம் கேட்டு வாங்கினேன். கறை பட்டதை விடைத்தாளுக்கு அடியில் தள்ளிவிட்டு, புதியதில் சிவப்பு, நீலப் பென்சிலால் வரைந்தேன். அதைப் போல் ஒரு படம் அதற்கு முன்னும் பின்னும் நான் போட்டதில்லை. வர்ணம் கலையாமல் இருக்கக் கேள்வித்தாளை மடித்து அதற்குள் வைத்தேன். கடைசி மணிக்கு அவசர அவசரமாகத் தாள்களைச் சேர்த்தேன். கையில் வந்த படத்தையும் வைத்து நூலால் இறுக்கிக் கட்டிக் கொடுத்துவிட்டு, கேள்வித்தாளோடு வெளியே வந்தேன்.

பஸ் நிறுத்தத்தில் கேள்வித்தாளைப் பிரித்தால், உள்ளே நல்ல படம். திரும்பி ஓடினேன். மேற்பார்வையாளர் கட்டுகளுக்கு அரக்கு வைத்துக்கொண்டிருந்தார். படத்தை நீட்டினேன். வாங்கி, நன்றாகப் பார்த்துவிட்டு என் கையிலேயே கொடுத்தார்.

"அழகாத்தான் இருக்கு. ஆனா மணி அடிச்சாச்சே தம்பி, இனிமே இது வெறும் படம்தான்."

மூன்று மார்க்

இங்கிலீஷில் பாஸ். தமிழில் பாஸ். மற்ற பாடங்களிலும் பாஸ். சரித்திரத்தில் மூன்று மார்க் குறைவு. செப்டம்பரில் மறுபடி எழுதலாம் என்றார்கள். மாட்டேன் என்றேன். தெரிந்த விஷயத்தைத் தெரியும் என்று எத்தனை தடவை சொல்வது? இது தப்பு என்று அப்போதும் சொன்னார்கள், இப்போதும் சொல்கிறார்கள். சொல்லட்டும். ஏற்பாட்டின்படி தென்னூருக்குப் போய் பஞ்சர் ஒட்ட உட்கார்ந்தேன். முதல் நாளே அந்தப் படத்தைக் கடைச் சுவரில் ஒட்டினேன்.

பெரியப்பா காற்றடிப்பதை நிறுத்திவிட்டு அதைப் பார்த்தார். "ஒருத்தன் கணக்குல தோக்கிறான், ஒருத்தன் இங்கிலீஷ்ல தோக்கிறான், அது நியாயம். நடந்து முடிஞ்ச விஷயத்துல எப்படிடா தோத்தே?"

நம்பர்

சில வருஷம் கழித்து, கண்ணாடி போட்ட ஒருவர் பஞ்சரான இரவல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். வெளியூர்க் கல்லூரியில் சரித்திர விரிவுரையாளராம். திருச்சிக்குப் பரீட்சைத்தாள் திருத்த வந்திருக்கிறாராம். நான் டியூபைத் தண்ணீரில் முக்கிக்கொண்டிருந்தபோது அவர் சுவர்ப் படத்துக்குக் கிட்டே போய் நின்றார். யார் போட்டது என்று கேட்டார். சொன்னேன். கதையையும் சொன்னேன். அவர் ஒவ்வொரு ஊராக விரல் வைத்துப் பார்த்தார்.

"பத்துக்குப் பத்து போடுவேங்க. ஆனா மூலையில ரிஜிஸ்டர் நம்பர் இல்லையே, யாருக்குப் போடறது?"

நானும் அப்போதுதான் கவனித்தேன். கையைத் துடைத்தேன். அவர் சட்டைப் பையிலிருந்த பேனாவைக் கேட்டு வாங்கி, மூலையில் என் நம்பரை எழுதி, பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் அந்தப் பேனாவாலேயே நம்பருக்குப் பக்கத்தில் பத்து என்று போட்டு, கீழே ஒரு கோடும் இழுத்துவிட்டு, நான் பஞ்சர் ஒட்டிக் கொடுத்ததும் சைக்கிளில் ஏறினார்.

யுத்தத்தில் ஜெயித்தவன்தான் சரித்திரம் எழுதுவான் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். இதை எழுதுவது நானாக இருப்பதால், நான் பாஸ்.