பூட்டிய அறைக்குள் ஓடிய பிரின்டர்

எங்கள் எல்லாருக்கும் அக்கா மாதிரியான நஸ்ஹா லாத்தா, வீட்டுக் கதவைப் பூட்டினால் மூன்று முறை இழுத்துப் பார்ப்பார். ஓட்டோவில் பாதி வழி வந்த பிறகு, "தம்பி, கொஞ்சம் திருப்புங்க" என்பார். பாலாவியில் எங்கள் உப்புக் கம்பனிக்கு அவர் பிந்தி வரும் நாட்களில் யாரும் காரணம் கேட்பதில்லை. நான் மட்டும் அவருடைய குரலிலேயே, "கேஸ மூடினனா? மூடின மாதிரித்தான் இரிந்திச்சு. ஆனா மூடினனா?" என்று பேசிக் காட்டுவேன். கையில் இருக்கும் கோப்பால் முதுகில் ஒன்று விழும்.

மன்னார்ப் பக்கமிருந்து யுத்த நேரம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த குடும்பம் அவருடையது. "கொஞ்ச நாளைக்குத்தான்" என்று சொல்லி வாப்பா கட்டிய ஓலைக் கொட்டிலில்தான் லாத்தா பிறந்தார், வளர்ந்தார், ஏ.எல். பரீட்சைக்கும் படித்தார். யுத்தம் முடிந்து சொந்தக்காரர் சிலர் ஊர் திரும்பினார்கள். இவர்கள் இங்கேயே தங்கிவிட்டார்கள். எங்கள் மனேஜர் நூஹு ஹாஜியாரும் லாத்தாவை வேலைக்கு எடுத்தபோது "கொஞ்ச நாளைக்குத்தான்" என்றார். வருடங்கள் போயின. லாத்தா இன்னமும் தற்காலிக கிளார்க்.

பிரின்டருக்கு அவர் பொறுப்பானது ஒரு விபத்து. ஒருநாள் பேப்பர் சிக்கி எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம். லாத்தா தலைத்துணியில் உபரியாகக் குத்தியிருந்த ஊசியைக் கழற்றி, சிக்கிய துண்டைக் கிளறி எடுத்தார். அன்றிலிருந்து அந்த இயந்திரம் இருமினாலும் தும்மினாலும் "லாத்தா!" என்றுதான் கூப்பிடுவோம்.

அந்தப் பழைய பிரின்டர் அவருடைய கணினியோடு ஒரு வயரால் கட்டப்பட்டிருந்தது. அவர் கணினியை அணைத்தால் அலுவலகத்தில் ஒருவருக்கும் பிரின்ட் இல்லை. தொழுகைக்கு எழும்பினாலும், "அணைச்சிராதீங்க லாத்தா!" என்று மூன்று மேசையிலிருந்து குரல் வரும். கடைசியில் ஹாஜியார் ஒரே மாதிரியான இரண்டு புதுப் பிரின்டர்களை வாங்கினார். ஒன்று நாங்கள் வேலைசெய்யும் ஹோலுக்கு, மற்றது அவருடைய அறைக்கு. ஒவ்வொரு வசனத்துக்கு முன்பும் தொண்டையைச் செருமுவது அவர் பழக்கம்.

"க்ஹும். கொழும்பிலிரிந்து ஆளக் கூப்பிடவா? இல்ல நீங்களே செய்வீங்களா புள்ள? க்ஹும். ஒழுங்கா ஓடினா உங்கட நிரந்தரத்தப் பத்தி நான் டிரெக்டர்மாரிட்ட கதைக்கிறன்."

லாத்தா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பிரின்டர்களை றூட்டரோடு இணைத்தார். எல்லாக் கணினியிலும் 'ஹோல்', 'ஹாஜியார்' என்று இரண்டு பெயர்களைப் பதிந்தார். றூட்டர் ஒவ்வொரு பிரின்டருக்கும் ஓர் எண் கொடுக்கும், வீட்டு இலக்கம் மாதிரி. அந்த எண்ணைப் பார்த்துத்தான் பேப்பர் போய்ச் சேரும். எண் மாறாதபடி கட்டிப்போட வேண்டும் என்று லாத்தா எங்கோ பார்த்திருந்தார். ஆனால் அதற்குள் எல்லாம் ஓடத் தொடங்கிவிட்டது. "ஓடுறதத் தொட்டா நிண்டிரும்டா" என்று அப்படியே விட்டுவிட்டார்.

நான் அந்தப் புதுப் பிரின்டரின் சத்தத்தையும் வாயால் அடிக்கப் பழகிக்கொண்டேன். ட்ரக்... க்ர்ர்ர்... ஸிப். லாத்தாவின் கதிரைக்குப் பின்னால் நின்று அடித்தால் துள்ளி எழும்பி ஹோல் பிரின்டரைப் பார்ப்பார். பேப்பர் இருக்காது. முகம் வெளிறிப்போகும். பிறகு எனக்குக் கோப்படி.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கரண்ட் போய் வந்தது. கொஞ்ச நேரத்தில் ஹாஜியார் தன் அறையைப் பூட்டிச் சாவியை ஜுப்பாப் பையில் போட்டுக்கொண்டு ஜும்ஆத் தொழுகைக்குப் போனார். வெளியே களப்புப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அன்ரனிப்பிள்ளை அண்ணனின் லொறியில் உப்பு மூட்டை ஏற்றியாகிவிட்டது. கேற் பாஸ் இல்லாமல் காவலாளி தடுப்பைத் தூக்கமாட்டார். இந்த லொறி போனால்தான் அடுத்தது உள்ளே வந்து, வானம் பார்த்த வெட்டையில் கிடக்கும் மூட்டைகளை மழைக்கு முன் ஏற்றலாம்.

நான் கேற் பாஸை அடித்து 'ஹோல்' என்று கொடுத்தேன். பேப்பர் வரவில்லை. இன்னொரு முறை கொடுத்தேன். காசாளர் றோசா அக்கா தன் கணினியிலிருந்து கொடுத்துப் பார்த்தார். லாத்தா வந்து ஹோல் பிரின்டரைத் திறந்து மூடிவிட்டு, தானும் கொடுத்தார். ஒன்றுமில்லை.

அன்ரனிப்பிள்ளை அண்ணன் யன்னலுக்குள் தலையை விட்டார். "தங்கச்சி, வானத்தப் பாருங்க. உங்களுக்கு முந்தி ஆண்டவர் பிரின்ட் அடிக்கப் போறார்."

"ரெண்டு நிமிசம் நானா" என்றார் லாத்தா. அவருக்கு அண்ணன்மார் எல்லாரும் நானாதான்.

"அந்த ரெண்டு நிமிசத்தில நான் தேத்தண்ணியும் குடிச்சு கிளாசும் கழுவி வச்சிட்டன்."

லாத்தா மறுபடி கொடுத்தார். மறுபடியும். நான் பசி தாங்காமல் பாணை எடுத்து வாயில் அடைத்தேன். சத்தமெல்லாம் கொஞ்சம் ஓய்ந்த அந்த நேரத்தில் கேட்டது. ட்ரக்... க்ர்ர்ர்... ஸிப்.

"டேய் சுஜன்! இந்த நேரத்திலயுமாடா?"

நான் பாண் நிறைந்த வாயைத் திறந்து காட்டினேன். லாத்தா என் வாயைப் பார்த்தார். சத்தம் இன்னொரு முறை கேட்டது.

"அனே, அது உள்ளுக்க!" என்றார் றோசா அக்கா. அவர் சிலாபத்து ஆள், பதறினால் சிங்களம் முந்திக்கொள்ளும்.

மூவரும் ஹாஜியாரின் பூட்டிய கதவில் காதை வைத்தோம். உள்ளே பிரின்டர் நிதானமாக அடித்துக்கொண்டிருந்தது.

"எண் மாறிட்டுது" என்றார் லாத்தா. "கரண்ட் வந்த நேரம் இதிட எண்ண அதுக்கும் அதிட எண்ண இதுக்கும் றூட்டர் குடுத்திட்டுது."

ஓடிப்போய் 'ஹாஜியார்' என்ற பெயருக்குக் கொடுத்தார். கேற் பாஸ் ஹோலில் வந்து விழுந்தது. அன்ரனிப்பிள்ளை அண்ணன் பறித்துக்கொண்டு ஓடினார். தடுப்பு உயர்ந்தது, அடுத்த லொறி உள்ளே வந்தது. நான் கைதட்டினேன். லாத்தா கைதட்டவில்லை. கதவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"உள்ள எத்தின பாஸ் கிடக்கோ."

அப்போதுதான் எனக்கும் விளங்கியது. எல்லாம் ஒரே இலக்கம், எல்லாம் செல்லுபடியாகும். ஒவ்வொன்றுக்கும் ஒரு லொறி உப்பு வெளியே போகலாம். முந்தின வருடம் இரட்டைப் பாஸில் ஒரு லொறி போனதற்கு, அன்று பின்னேரமே ஒரு கிளார்க்கை வீட்டுக்கு அனுப்பினார்கள். அவரும் தற்காலிகம்தான்.

"லாத்தா, அவர் வந்து திறந்த உடன நான் வாசல்ல வச்சுக் கதை குடுக்கிறன். நீங்க உள்ள போய் அள்ளிருங்க."

"என்ன கதை குடுப்ப?"

"க்ஹும். க்ஹும்."

அவர் சிரிக்கவில்லை. உட்கார்ந்து, இரண்டு பிரின்டருக்கும் அதனதன் பழைய எண்ணைக் கொடுத்து, இனி மாறாதபடி கட்டினார். தலைத்துணி ஊசியைக் கழற்றுவதும் குத்துவதுமாக இருந்தார். பள்ளிவாசல் ஒலிபெருக்கி ஓய்ந்தது. ஹாஜியாரின் மோட்டார் சைக்கிள் சத்தம் வந்தது.

ஹாஜியார் கதவைத் திறந்தார். நான் வாயைத் திறந்தேன். எனக்கு முன்னால் லாத்தா அறைக்குள் போய், தட்டில் இருந்த பேப்பர்க் கட்டை எடுத்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டார்.

"ஹாஜியார், இது எல்லாம் ஒரே பாஸ். பிழ என்ட. எண்ணக் கட்டாம விட்டுட்டன். ஹோலுக்கு அடிச்சது இங்க வந்திட்டுது. லொறி ஒண்டுதான் போச்சு, ஒண்டேதான், கேற்றில கேட்டுப் பாருங்க."

ஹாஜியார் ஒவ்வொன்றாகப் புரட்டினார். செருமவே இல்லை. அவர் செருமாமல் பேசி அன்றுதான் கேட்டேன்.

"இதக் கொண்டு எவ்வளவு உப்புப் போயிருக்கும் தெரியுமா?"

"தெரியும். அதான் உங்கட கையில தந்தன்."

மழை கூரையில் இறங்கியது. ஹாஜியார் கேற்றுக்குப் போன் எடுத்தார். அந்தப் பாஸுக்கு லொறி ஒன்றுதான் போனது, வெட்டையில் மூட்டை ஒன்றும் மிச்சமில்லை என்றார்கள். பாஸ்களைக் குறுக்கே கிழித்துக் கூடையில் போட்டார்.

"இப்ப கரண்ட் போனா?"

"போனாலும் மாறாது." பிரின்டரைத் திரும்பிப் பார்த்து, "மாறாதெண்டுதான் நினைக்கிறன்" என்றார் லாத்தா.

ஹாஜியார் நேரே போய் மெயின் சுவிட்சை அணைத்தார். அலுவலகம் இருண்டது. மழைச் சத்தம் மட்டும். பிறகு போட்டார்.

"க்ஹும். உங்கட நிரந்தரத்துக்கு ஒரு விண்ணப்பம் அடிங்க புள்ள. ஹோலுக்குக் குடுங்க. ஹோல்ல வந்தா நான் ஒப்பம் வச்சு அனுப்புறன். என்ட அறைல வந்தா... க்ஹும். கொழும்பு ஆளக் கூப்பிடுவம்."

லாத்தா அடித்தார். தன் பெயரையே இரண்டு முறை பிழையாக அடித்துத் திருத்தினார். அழுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

ட்ரக்.

"சுஜன், நீயாடா?"

"சத்தியமா நான் இல்ல லாத்தா!"

க்ர்ர்ர்... ஸிப். ஹோல் பிரின்டரின் தட்டில் பேப்பர் வந்து கிடந்தது. றோசா அக்கா சிலுவை போட்டுக்கொண்டார். ஹாஜியார் பேனையைத் திறந்துகொண்டு நின்றார்.

நஸ்ஹா லாத்தா அந்தப் பேப்பரைத் தொடவில்லை. முதலில் ஹாஜியாரின் அறைக்குள் போய், அங்கேயும் ஒன்று வந்திருக்கிறதா என்று தட்டை இழுத்துப் பார்த்தார். பிறகு இன்னொரு முறை இழுத்தார்.